இரண்டாம் வரிசைப் பெண்ணுக்கு ஓர் அர்ச்சனை

வியாழக்கிழமைகளில் பத்தரை மணி இடைவேளைக்கு மணி அடித்ததும் மற்றவர்கள் தேநீருக்குப் போவார்கள். நான் தொழிற்சாலை வாசலில் இருந்த காசு போடும் தொலைபேசிக்கு ஓடுவேன். ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி போடுகிற வேலை எனக்கு. எவ்வளவு கழுவினாலும் கையிலிருந்து வாசனை போகாது. அந்த ரிசீவரே கடைசியில் ஷாம்பூ மணக்கத் தொடங்கிவிட்டது. மறுமுனையில் பாலே அரங்கின் ரிக்கெற் கவுண்டரில் ஒரு பெண்மணி இருந்தார். முகம் பார்த்ததில்லை. முதல் சில மாதங்கள் “சனிக்கிழமை, பகல் ஆட்டம், யார் ஆடுகிறார்கள்?” என்பதை மனப்பாடம் செய்து வைத்துக் கேட்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுடைய ஆங்கிலம் அவ்வளவுதான். பிறகு நான் “ஹலோ” என்றதுமே அவர் பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் என் நெஞ்சு ஒருதரம் ஏறி இறங்கும்.

இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தது மச்சாள், என் கணவரின் அக்கா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் நகர மையத்தில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்து வந்தார். அங்கே வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி காய்ச்சல் என்று தன்னுடைய இரண்டு ரிக்கெற்றுகளை இவர் கையில் கொடுத்துவிட்டார். “நடனமாம், சும்மா கிடைச்சது, வாரும்” என்றார் மச்சாள். நடனம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அரங்கேற்றம்தான். நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் அந்த நாட்களில் சனிக்கிழமை தவறாமல் யாரோ ஒருவருடைய மகளுக்கு அரங்கேற்றம் நடக்கும். ஆகவே அதற்குப் போவது போலவே போனோம். காஞ்சிபுரச் சேலை, கழுத்து நிறைய நகை, காலில் பனிச் சப்பாத்து. வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு கண்ணாடிக் கோப்பை செற்றைப் பளபளக்கும் தாளில் சுற்றிக்கொண்டு போனோம். வாசலில் ரிக்கெற் கிழித்த ஆளிடம் மச்சாள், “பிள்ளையின்ர தாய் தகப்பன் எங்கை நிக்கினம்?” என்பதைத் தன் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மனிதர் எங்களையும் பார்சலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, உடுப்புகள் வைக்கும் இடத்துக்கு வழிகாட்டினார். கோப்பைகள் முழு ஆட்டத்துக்கும் அங்கே எங்கள் கோட்டுகளுக்குக் கீழே இருந்தன.

பிறகு விளக்கு அணைந்தது. திரை விலகியது. இருபத்துநான்கு பெண்கள் வெள்ளை உடுப்பில் நான்கு வரிசையாக வந்தார்கள்.

நான் என்ன சொல்லுவேன்! உச்சி மாடியின் கடைசி இருக்கைகள் எங்களுக்கு. அங்கிருந்து முகம் தெரியாது; கோலம்தான் தெரியும். இருபத்துநான்கு கை ஒரே நேரத்தில் எழுந்தது. நான் நாள் முழுவதும் வரிசையில் நின்று வேலை செய்கிறவள். பக்கத்தில் நிற்கிறவள் ஒரு நொடி பிந்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இவர்களில் ஒருத்திகூடப் பிந்தவில்லை. என் கண் எல்லோரும் பார்க்கிற நாயகியிடம் போகாமல் இந்த வரிசைகளிலேயே நின்றது. அப்போதுதான் அவளைக் கண்டேன். இரண்டாம் வரிசையில், இடமிருந்து மூன்றாவது. சின்ன உருவம். மற்றவர்கள் இசை முடிகிற இடத்தில் தலையைத் திருப்பினார்கள். இவள் அந்த இசையின் கடைசித் துளியையும் கேட்டுவிட்டுத்தான் திருப்பினாள். பிந்தினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வேறு ஒன்று. மச்சாளின் முழங்கையில் இடித்தேன். அவர் கவனிக்கவில்லை. அவருக்கு நாயகியின் நீளமான காலும் கழுத்தும் போதுமாக இருந்தன.

அன்று பிரிந்ததுதான் கட்சி. அதற்குப் பிறகு மூன்று வருடம், மச்சாளுக்கு ஒருத்தி, எனக்கு ஒருத்தி.

மச்சாளின் ஆள் முதன்மை நடனக்காரி. உயரம், அழகு, துணிவு; சுழலத் தொடங்கினால் பம்பரம் தோற்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் இறங்கும்போது மேடைப் பலகை ‘தொப்’ என்று சத்தம் போடும். உச்சி மாடிக்கே கேட்கும். என் ஆள் பாய்ந்து இறங்கினால் அவள் இறங்கினாளா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“சத்தத்தைக் கேக்கவோ போறம்? ஆட்டத்தைப் பாரும்” என்பார் மச்சாள்.

“காலிலை பஞ்சு இருக்க வேணும், மச்சாள். கட்டை இருக்கக் கூடாது.”

“உம்மடை ஆளுக்கு உயரம் காணாது. நாயகன் பக்கத்திலை நிண்டா மகளெண்டு நினைப்பினம்.”

“அப்ப கட்டையான நாயகனைப் போடட்டும்.”

“ஓமோம், உம்மடை ஆளுக்காக ஆம்பிளையளையும் அளந்து எடுக்கட்டாம்!”

பதவிப் படிகளை எனக்கு விளங்கப்படுத்தியதும் மச்சாள்தான். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர். “இது கச்சேரி உத்தியோகம்தான், பாரும். வரிசையிலை ஆடுறவை கிளாக்குமார். அதுக்கு மேலை ரெண்டாம் தரத் தனியாட்டம், பிறகு முதல் தரத் தனியாட்டம், உச்சியிலை என்ர ஆள், ஜீஏ மாதிரி, அரசாங்க அதிபர்.” வருடத்துக்கு ஒரு முறை, வசந்தத்தில், கம்பனித் தலைவர் சிலரை மேலே ஏற்றுவார். சிலரோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதிலிருந்து வசந்தம் எனக்கு ஆகாத காலம். பனி உருகுவதைப் பார்த்து ஊரே சந்தோஷப்படும். நான் மட்டும் என் ஆளை நிறுத்திவிடுவார்களோ என்று நித்திரையில்லாமல் கிடப்பேன்.

நான் பயந்த பிறவி. அடுப்பை நிறுத்தினேனா என்று பஸ் தரிப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். பாலேக்குப் போய் அமைதியாக இருப்பேனா? சப்பாத்து நாடா அவிழ்ந்துவிடுமோ, மேடையில் புகை விட்ட இடம் ஈரமாக இருக்குமோ, தூக்குகிறவனுக்குக் கை வியர்த்திருக்குமோ என்று ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடிப்பேன். வெளியே வரும்போது ஆடியவளைவிட நான்தான் களைத்திருப்பேன். அதிலும் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அரங்கேற்றங்களில் தகப்பன் மண்டபம் எடுத்தால் மகள்தான் நாயகி. அன்றைக்கு அவளுக்குப் போட்டி கிடையாது. இங்கே அப்படியில்லை. பத்து வயதில் தொடங்கிய பிள்ளை இருபத்தைந்து வயதிலும் இரண்டாம் வரிசையில் நிற்கிறாள். முன்னால் ஒருத்தி ஆடுவதை ஒவ்வொரு நாளும் முதுகுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு. நாயகியின் ஆட்டம் முழுவதும் அவளுக்கும் தெரியும். ஆடத்தான் விடமாட்டார்கள். அதுதான் என்னைத் தின்றது.

மூன்றாம் வருடம் வசந்தத்தில் ஒரு கதை ஆடினார்கள். காதலித்தவன் ஏமாற்றியது தெரிந்து நெஞ்சு வெடித்துச் சாகிற கிராமத்துப் பெண், இடைவேளைக்குப் பிறகு ஆவியாக வந்து அவனையே காப்பாற்றுகிறாள். (“நானெண்டா காப்பாத்தியிருக்க மாட்டன்” என்பது மச்சாளின் அபிப்பிராயம்.) சனிக்கிழமைப் பகல் ஆட்டத்தில் மச்சாளின் ஆள் நாயகி. மச்சாள் ஒரு மாதத்துக்கு முன்பே இருவருக்கும் ரிக்கெற் எடுத்துவிட்டார். என் ஆள் வழக்கம் போல ஆவிகளின் வரிசையில்.

அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னர் நாங்கள் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். அர்ச்சனைத் தட்டோடு நின்றபோது எனக்கு என்ன வந்ததோ தெரியாது. ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். வீட்டுக்காரருடைய பெயரைச் சொல்ல வாய் திறந்தவள் என் ஆளின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். “வெள்ளைக்காரப் பிள்ளையோ?”

“ஓம், ஐயா. தெரிஞ்ச பிள்ளை.”

“என்ன விஷயமா?”

“வேலை உயர்வு.”

“நட்சத்திரம்?”

எனக்கு எப்படித் தெரியும்? என்னுடைய நட்சத்திரத்தையே கொடுத்தேன். அந்தப் பெயரை அவர் மந்திரத்துக்குள் நுழைக்கப் பட்ட பாடு பிள்ளையாருக்குத்தான் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு, சனிக்கிழமை நாயகியின் இடம் ஒரே ஒரு தடவையாவது அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் மச்சாள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. பத்தரை மணி. “ஹலோ” என்றேன். ரிக்கெற் பெண்மணி வழக்கம் போல வாசிக்கவில்லை. சனிக்கிழமை நாயகிக்குக் காலில் அடி, ஆட முடியாது, மாற்றாள் போடுகிறோம் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பெயரைச் சொன்னார்.

என் ஆள்!

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். நான் போட்ட சத்தத்துக்கு உள்ளேயிருந்து சூப்பர்வைசர் ஓடி வந்தார், யாருக்கோ கை மிஷினுக்குள் போய்விட்டது என்று நினைத்து. இரண்டு நிமிடம் நான் அந்தத் தொலைபேசிக் கூண்டுக்குள் துள்ளிக்கொண்டு நின்றேன். மூன்றாவது நிமிடம் துள்ளல் நின்றது. காலில் அடி என்றாரே. யாருடைய காலில்? யார் கேட்டு?

அன்று நான் மூடிய போத்தல்களில் பாதி திரும்பி வந்தன.

மச்சாளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

“நீர் அண்டைக்குப் பிள்ளையாரிட்டை என்ன கேட்டனீர்?” என்றார் மச்சாள். “சொல்லுக்குச் சொல் சொல்லும்.”

“இடம் கிடைக்க வேணும் எண்டு.”

“எந்த இடம்?”

“சனிக்கிழமை நாயகியின்ர இடம்.”

“அது யாரின்ர இடம்?”

நான் தொலைபேசி வயரை விரலில் சுற்றினேன்.

“ஒருத்தருக்கும் ஒரு தீங்கும் வராமல் எண்டு சொன்னனீரோ?”

“இல்லை, மச்சாள்.”

“பாத்தீரே! பிள்ளையார் என்ன செய்வார்? நீர் கேட்டதை அவர் குடுத்திட்டார். வழி காட்டினது நீர்.” பிறகு குரல் தணிந்தது. “உப்பிடிக் கிடைச்சது அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை. உம்மடை ஆள் சனிக்கிழமை விழுந்து கிழுந்து போட்டா, பிறகு ஆயுளுக்கும் அந்த இடம் குடுக்க மாட்டினம். தெரியுமோ?”

தெரியாதா? அதைத்தான் பிற்பகல் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்றாளுக்கு ஒரே ஒரு ஆட்டம். நன்றாக ஆடினால் மேலே ஏறுவாள். சொதப்பினால் வரிசைக்குத் திரும்புவாள், அல்லது வரிசையும் இல்லை. அதற்கு நான் வேறு தோஷம் சேர்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு என் கணவரின் காரில் மறுபடியும் கோயிலுக்குப் போனோம். வழி நெடுகிலும் அவர் விட்டுவைக்கவில்லை. “பாவம் பிள்ளையார். முதல் வேலை உயர்வு, இப்ப கால் சுளுக்கு. அக்கா, இவவுக்கு முன்னாலை என்ர வேலையைப் பற்றி ஒண்டும் கதைக்காதேங்கோ. பிறகு என்ர மனேஜருக்கு என்னவும் நடந்திடும்.”

“நீ ரோட்டைப் பாத்து ஓட்டடா” என்றார் மச்சாள்.

அதே ஐயர். என்னை மறக்கவில்லை. “வேலை உயர்வு கிடைச்சதோ?”

“கிடைச்சது, ஐயா.”

“பேந்தென்ன?”

“இது அந்த வேலை பறிபோன ஆளுக்கு. காலிலை அடி. கெதியாச் சுகம் வர வேணும்.”

ஐயர் தட்டை வாங்கினார். “இவவுக்கும் உங்கடை நட்சத்திரம்தானோ?” என்று கேட்டார். மச்சாள் முந்திக்கொண்டு தன்னுடைய நட்சத்திரத்தைக் கொடுத்தார். இந்தத் தடவை நான் வாய்விட்டே கேட்டேன், ஒவ்வொரு சொல்லாக, ஒன்றும் பிசகாமல்: உயரமானவருக்குக் கால் சுகமாக வேண்டும், சின்னவள் நாளைக்கு விழக்கூடாது, நாயகனுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது, வாத்தியக்காரர்கள் உட்பட யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.

சனிக்கிழமை. நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் சின்ன வெள்ளைத் துண்டு ஒன்று செருகியிருந்தது: இன்றைக்கு இன்னாருக்குப் பதிலாக இன்னார். முன் இருக்கைப் பெண்மணி அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். எனக்கு அவருடைய தோளைத் தட்டி, நீ பொறுத்திருந்து பார் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்கான ஆங்கிலம் வரவில்லை.

மச்சாள் தன் கணவருடைய பைனாகுலரைக் கொண்டுவந்திருந்தார். மேடையைப் பார்க்க அல்ல. “பாரும், கீழை, வலப்பக்கம் ஓரக் கதிரை. தலைவர் வந்திருக்கிறார். பகல் ஆட்டத்துக்கு அவர் வாறேல்லை. உம்மடை ஆளைப் பாக்கத்தான் வந்திருக்கிறார். மடியிலை குறிப்பெழுதுற கொப்பி.”

அதற்குப் பிறகு நான் மேடையைப் பார்த்தேன், மச்சாள் தலைவரைப் பார்த்தார்.

அவள் குடிசைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். இதுவரை முழு மேடையில் அவள் தனியாக நின்று நான் பார்த்ததில்லை. சின்னவள் என்று சொன்னது யார்? மேடை அவளுக்கு அளவாக இருந்தது! முதல் பாதியில் ஒரு கஷ்டமான இடம் உண்டு. ஒற்றைக் கால் விரல் நுனியிலேயே மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தத்திப் போக வேண்டும். மச்சாளின் ஆளே அதில் ஒருமுறை பாதியில் காலை ஊன்றியிருக்கிறார். நான் எண்ணத் தொடங்கினேன். பத்து. பதினைந்து. என் செருப்புக்குள் என் பெருவிரல் வலித்தது. இருபதைத் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை, அதோடு சிரித்துக்கொண்டும் போனாள். சனம் ஆட்டத்தின் நடுவிலேயே கை தட்டியது.

“எழுதுறார்” என்றார் மச்சாள். “என்ன எழுதுறாரெண்டு தெரியேல்லை. முகம் உம்மெண்டு கிடக்கு.”

இடைவேளையில் நான் இருக்கையை விட்டு எழும்பவில்லை.

இரண்டாம் பாதிதான் ஆபத்து. ஆவியை நாயகன் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அவனுக்கு உயரமானவரைத் தூக்கித்தான் பழக்கம். அந்தக் கனத்துக்குப் போடுகிற பலத்தை இவளுக்கும் போட்டுவிட்டான். அவள் வேண்டியதைவிட வேகமாக, உயரமாக மேலே போனாள். அவன் கை ஒரு கணம் தவறியது. எனக்குத் தெரிந்தது. மச்சாளுக்கும் தெரிந்தது, பைனாகுலர் மடியில் விழ, என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தார்.

“ஐயோ பிள்ளை!” என்றார். யாருடைய ஆள் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

அவள் விழவில்லை. மேலேயே, அந்த அந்தரத்திலேயே, இசையின் மிச்சத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கினாள். யன்னல் வெளிச்சத்தில் தூசி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. ஆவிக்குக் கனம் இல்லை என்று அன்றைக்குத்தான் முழு மண்டபமும் நம்பியது. முன் இருக்கைப் பெண்மணி கைக்குட்டையை எடுத்தார்.

“தலைவர் என்ன செய்யிறார்?” என்று கேட்டேன்.

மச்சாள் தட்டித் தடவிப் பைனாகுலரை எடுத்தார். “எழுதேல்லை. கொப்பியை மூடிப்போட்டார்.”

“மூடிப்போட்டாரோ? ஏன்? பிடிக்கேல்லையோ?”

“சும்மா இரும்! முன்னுக்குச் சாஞ்சு பாத்துக்கொண்டிருக்கிறார்.”

முடிந்ததும் எல்லோரும் வணங்க வந்தார்கள். அவள் ஒருமுறை குனிந்துவிட்டு, பழக்கதோஷத்தில் பின்னால் போய் வரிசையோடு நின்றுகொண்டாள். நாயகன் கையைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்தான். மண்டபம் எழுந்தது. என் தொண்டை கட்டிப்போகும்வரை நான் கத்தினேன். மச்சாள் என்னைவிடப் பலமாகக் கை தட்டினார். வெளியே வந்ததும் மட்டும், “உயரம் காணாதுதான்” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு ஐந்து வாரம் ஒன்றும் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டால் பதவி விவரம் தங்களுக்குத் தெரியாது என்றார் ரிக்கெற் பெண்மணி. மூடிய கொப்பியை நான் இரவும் பகலும் நினைத்தேன். பாதி தவறிய அந்தத் தூக்கலை யாருடைய பிழையென்று எழுதியிருப்பார்? பெரிய நாயகன் மேல் எழுதுவாரா, வரிசைப் பெண் மேலா? எங்கள் தொழிற்சாலையில் என்றால் எனக்குப் பதில் தெரியும்.

ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம், எங்கள் கட்டடத்தின் தபால் பெட்டியில் அடுத்த பருவத்துக்கான புத்தகம் கிடந்தது. நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். வரிசையில் ஆடுவோரின் பட்டியல் எப்போதும் அடியில், சின்ன எழுத்தில் இருக்கும். விரலை வைத்துப் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. மறுபடியும் ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். இல்லை. போன வருடம் அவளுக்கு மேலே இருந்த பெயர் இருந்தது, கீழே இருந்த பெயர் இருந்தது; நடுவில் அவள் இல்லை.

நிறுத்திவிட்டார்கள்.

கட்டடத்தின் கீழ்க் கூடத்திலிருந்த பொதுத் தொலைபேசிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. “மச்சாள்” என்றேன், அழுகை வந்துவிட்டது. “பிள்ளையை நிப்பாட்டிப்போட்டினம். பெயர் இல்லை.”

“எனக்கும் புத்தகம் வந்தது. நீர் எங்கை பாக்கிறீர்?”

“கீழை. வரிசையிலை.”

“மூண்டு வருசமா அங்கையே பாத்துப் பாத்து உமக்குக் கண் அங்கையே நிண்டிட்டுது. விரலை எடும். மேலை பாரும்.”

ஒரு கட்டம் மேலே பார்த்தேன். இரண்டாம் தரத் தனியாட்டக்காரர்கள். அங்கும் இல்லை.

“இன்னும் மேலை, விசரி! இன்னும் மேலை!”

முதல் தரத் தனியாட்டக்காரர்கள். நான்கு பெயர். கடைசியில் அவள். ஒரு படியைத் தாண்டி அடுத்த படியில் ஏற்றியிருந்தார் அந்த மனிதர்! அதற்கும் மேலே, பெரிய எழுத்தில், மச்சாளின் ஆள் தன் இடத்தில் பத்திரமாக இருந்தார். இரண்டு பேரும் தொலைபேசியின் இரு பக்கமும் என்ன கத்தினோம் என்று இன்றைக்கு நினைவில்லை.

நாலாம் மாடி அங்கிள் மரக்கறிப் பையோடு லிஃப்டுக்குக் காத்து நின்றவர், பயந்து கிட்ட வந்தார். “என்ன பிள்ளை, ஊரிலையிருந்து ஏதும் செய்தியோ?”

“இல்லை, அங்கிள். எங்கடை பிள்ளைக்குப் புரமோஷன்!”

“அப்பிடியே! நல்லது, நல்லது. என்ன வேலை?”

கண்ணைத் துடைத்தேன். எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

“நிண்டு செய்யிற வேலை, அங்கிள்,” என்றேன். “இனி முன்னுக்கு நிண்டு செய்வா.”